நீலக் கட்டம்போட்ட சேட்டு

விசுவமடுச் சந்தியில் என் ஸ்ரூடியோ.
சாமத்தியவீட்டுப் பிள்ளைக்குப் பின்னால்
சுவிஸ் பனிமலை வைப்பேன்,
அடையாள அட்டைக்கு இரண்டு காதும் தெரிய எடுப்பேன்,
கார்த்திகை பிறந்தால்
செத்தவர்களுக்குச் சேட்டுப் போடுவேன்.

தொடக்கியது தவமலர்.
தம்பியின் படம் ஒன்றுதான் மிச்சம்.
இடம்பெயரேக்க பொலித்தீனில் சுற்றி
கிணற்றடி வாழைக்குக் கீழே தாட்டு
முகாமால் வந்து கிண்டி எடுத்தது.
ஈரம் ஏறித் தோளில் பாசி நிறம்.
அதை ஃபோனில் போட்டிருக்கிறாள்:
'நிரோதரன், இன்றைக்கு உனக்கு முப்பத்தாறு.'
பதினொரு நிமிஷம் நின்றதாம்.

எங்கள் சமூகத்தின் தரநிலைகளை இது மீறுகிறது,
என்று வந்திருந்தது, நல்ல தமிழில்.
"எங்கட சமூகம் எண்டு இவங்கள்
ஆரைச் சொல்லுறாங்கள்?
நானும் அதுக்குள்ளயோ?"

வரி உடுப்பு. அதுதான்.
கழுத்துக்குக் கீழே வெட்டினேன்.
வெட்டின இடத்தில் எதையாவது வைக்கவேண்டும்.
போட்டிருந்த சேட்டைக் கழற்றி
கதிரையில் கொழுவிப் படம் எடுத்தேன்.
நீலக் கட்டம், பரந்தன் சந்தையில் எழுநூற்றைம்பது.
படம் நின்றது.

அடுத்த வருஷம் பதினாறு பேர்.
பிறகு கணக்கு வைக்கவில்லை.
இப்போது கார்த்திகைக் கடைசியில்
ஃபோனைத் தள்ளிக்கொண்டு போனால்
உடையார்கட்டு, தேராவில், மூங்கிலாறு,
பெடியன்கள் எல்லாரும் என் சேட்டோடு.
ஒரு பெட்டைக்கும் அதையே போட்டேன்.
தாய் ஒன்றும் கதைக்காமல் வாங்கிக்கொண்டு போனா.

வெட்டின துண்டுகளை அழிக்கவில்லை.
ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கின்றன
தலையில்லாத தோள்கள்.
பெயர் வைக்கப் பயந்து
'கல்யாணவீடு 3' என்று வைத்திருக்கிறேன்.

மேன்முறையீடு என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
தவமலர் அமுக்கினவள்.
நாலு ஆணைக்குழுவுக்கு முன்னால் குந்தியிருந்தவளுக்குப்
படிவம் புதிதா?
இருபத்துநாலு மணித்தியாலத்தில் 'இல்லை' என்று வந்தது.
"பரவாயில்லை அண்ணை,
இவங்களாவது மறுமொழி போட்டாங்கள்."

அவளை உயிரோடு கொளுத்தவேணும் என்று
எவனோ எழுதினதை முறையிட்டுப் பார்த்தோம்.
அது ஒன்றையும் மீறவில்லையாம்.
இன்னும் நிற்கிறது,
மூன்று சிரிப்பு, ஒரு இதயத்தோடு.

வாயை எண்ணித் திறந்த ஊர்தான் இது, எந்தக் காலத்திலும்.
முந்தி, ஆருக்குப் பயம் என்று தெரியும்.
வாசலில் வந்து நிற்பவனுக்கு
ஒரு முகம் இருந்தது, சைக்கிளோ ஜீப்போ இருந்தது.
இது மனுசனா மெசினா?
மனுசன் என்றால் அவனுக்கும்
ஒரு படத்துக்கு இத்தனை செக்கன் என்று கணக்கிருக்கும்,
முதுகு நோகும்.
எனக்கும் நோகிறது. நானும் வெட்டுகிறவன்தானே.

போன மாதம் மருமகளின் கல்யாணம், தர்மபுரத்தில்.
மணவறைக்குப் பக்கத்தில் நான், அந்தச் சேட்டோடு.
கையில் பலகாரப் பெட்டி.
படத்தைப் போட்டுவிட்டுக் கைகழுவி வருவதற்குள்
எடுத்துவிட்டார்கள்.
ஆபத்தான நபராம்.

சேட்டைப் பாடமாக்கிவிட்டது மெசின்.
அன்றிரவே ஒவ்வொன்றாய் விழத்தொடங்கின,
தேராவில், மூங்கிலாறு, உடையார்கட்டு,
ஏழு வருஷமாய் நின்ற படங்கள்.

காலமை மழையோடு தவமலர் வந்தாள்.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்க
குடையை மடக்கிக்கொண்டு சொன்னாள்:
"அப்ப இனி வேற சேட்டுத்தானே.
மஞ்சள் இருக்கோ?
அவனுக்கு மஞ்சள் எண்டால் விசர்."

எத்தனை பேருக்கு உடுத்திவிட்டேன்.
ஒருத்தரிடமும் என்ன நிறமென்று கேட்டதில்லை.

கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ் கத்துகிறது.
"சைஸ்?" என்றேன்.
"பதினெட்டு வயசு, அண்ணை.
மெலிஞ்சவன்.
கொஞ்சம் தொளதொளவெண்டு போடுவான்."